இரண்டு டிக் போட்ட படிவத்தை என்ன செய்தீர்கள்?

கேள்வி: கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்கிறேன். எங்கள் கல்லூரியில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் உரிமம் முடிந்துவிட்டது, இனி புதுப்பிக்க மாட்டார்களாம். எம்.காம். மாணவர்களுக்கு நடத்தவும் என் ஆய்வுக்கும் இலவச மென்பொருள் ஒன்று வேண்டும். ஆர், பிஎஸ்பிபி, ஜமோவி, ஜாஸ்ப் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்கு கோடிங் வராது. தரவு தயாராக இருக்கிறது. 312 வினாப்படிவங்களையும் என் மனைவிதான் ராத்திரியில் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றினாள். பி.காம். முடித்தவள், வீட்டில்தான் இருக்கிறாள். ஒரே கேள்விக்கு இரண்டு டிக் போட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், ஏதாவது ஒன்றைப் போடு என்று சொல்லிவிட்டேன். எந்த மென்பொருள் நம்பகமான முடிவைத் தரும்?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, நீங்கள் சொன்ன நான்கில் எதை எடுத்தாலும், ஒரே முறையைத் தேர்ந்தெடுத்தால் சராசரி, டி டெஸ்ட், கை ஸ்கொயர் போன்ற வழக்கமான சோதனைகளுக்கு ஒரே விடைதான் வரும். நான்குமே நம்பத் தகுந்தவை. உங்கள் எக்செல் கோப்பைத்தான் நம்ப முடியாது.

ஒருவர் 'ஒத்துக்கொள்கிறேன்' என்பதிலும் 'மறுக்கிறேன்' என்பதிலும் டிக் போட்டிருக்கிறார். கேள்வி புரியாமல் இருக்கலாம், ஒன்றை அடிக்க மறந்திருக்கலாம், உண்மையிலேயே இரண்டு மனதாக இருந்திருக்கலாம். அவர் பதில் என்ன என்று நமக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் ஒரு எண்ணை எழுதச் சொன்னீர்கள். இதற்குப் பெயர் தரவை இட்டுக்கட்டுவது. அதையும் உங்கள் கையால் செய்யவில்லை, தூக்கம் விழித்து உங்களுக்காக உழைத்த பெண்ணின் கையால் செய்ய வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் மனைவி கேட்டதைத் தொந்தரவு போல எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே நல்ல ஆய்வுக் கேள்வி அதுதான். 312 படிவங்களையும் ஒன்று விடாமல் பார்த்த ஒரே ஆள் உங்கள் மனைவி. எந்தக் கேள்வியில் ஜனங்கள் தடுமாறினார்கள், எந்தப் பக்கத்தைத் திருப்பாமலே விட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது, உங்கள் வழிகாட்டிக்கும் தெரியாது. வைவாவில், அதாவது ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், அதைக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் பல வருடமாக வருகின்றன. எல்லாவற்றிலும் மென்பொருள் பெயர்கள் இருக்கும், படிவத்தை ஏற்றியது யார் என்பது போகிற போக்கில் ஒரு வரியாக இருக்கும். மனைவி, தங்கை, பிளஸ் டூ படிக்கும் மகள். ஒருவர் படிப்புக்கு வீடே சேர்ந்து உழைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், நம் வீடுகளில் பலர் அப்படித்தான் மேலே வந்தோம். ஆனால் உழைப்பை வாங்கிக்கொண்டு கேள்வியை மட்டும் வாயை மூடு என்று தள்ளுவது எனக்குப் பொறுக்காது. புருஷன் என்கிற முறையிலும் தப்பு, ஆய்வாளர் என்கிற முறையிலும் தப்பு.

சரி, மென்பொருளுக்கு வருவோம்.

ஆர், 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் தொடங்கியது. வகுப்பில் மாணவர்களுக்கு நடத்தத்தான் முதலில் எழுதினார்கள். 1995இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற குனு உரிமத்தில் வெளியிட்டார்கள். அதில் விடுபட்ட பதிலை என்ஏ என்று குறிப்போம். அந்த வரிசைக்குச் சராசரி கேட்டுப் பாருங்கள், எண் வராது, என்ஏ என்றுதான் வரும். விடுபட்டதை நீக்கிவிட்டுக் கணக்கிடு என்று நீங்கள் வாய் திறந்து சொன்ன பிறகுதான் எண் தரும். எக்செல் அப்படியில்லை, காலியாக இருக்கும் கட்டங்களைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு ஒரு சராசரியைக் கொடுத்துவிடும். உங்கள் மனைவி கேட்டதையேதான் ஆரும் கேட்கிறது. அதனிடம் 'ஏதாவது போடு' என்று சொல்ல முடியாது.

கோடிங் வராது என்கிறீர்கள். அப்படியானால் ஜமோவியில் தொடங்குங்கள். ஆரின் மேலே கட்டியதுதான் அது. 2017இல் வெளிவந்தது, அதற்கு முன் ஜாஸ்பில் வேலை பார்த்தவர்கள் செய்தது. தரவு, செய்த சோதனைகள், முடிவுகள் மூன்றும் ஒரே கோப்பில் சேர்ந்து நிற்கும். ஒரு பதிலைத் திருத்தினால் அட்டவணைகளும் கூடவே மாறும். சராசரி கேட்டால் அதற்கு மேலேயே எத்தனை பேர், எத்தனை விடுபட்டது என்று இரண்டு வரி காட்டும். எம்.காம். பிள்ளைகளுக்கு முதல் நாள் அந்த இரண்டு வரியைக் காட்டினால் போதும், பாதிப் பாடம் அங்கேயே நடந்துவிடும். கட்டளைகளைக் காட்டும் சின்டாக்ஸ் முறையை இயக்கினால் நீங்கள் மவுஸால் செய்ததற்கான ஆர் கட்டளைகளையும் காட்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஆரையும் பழகிக்கொள்ளலாம்.

பிஎஸ்பிபி, பார்க்க எஸ்பிஎஸ்எஸ் மாதிரியே இருக்கும், பழைய கணினிகளிலும் ஓடும். பாடத்திட்டத்தில் எஸ்பிஎஸ்எஸ் என்று போட்டிருந்தால் மாணவர்களுக்குக் கைப்பழக்கத்துக்கு உதவும். அதில் விடுபட்டதற்கு 99 என்று போடுகிறவர்கள், அது விடுபட்டதற்கான குறி என்று மாறிகளின் பட்டியலில் உள்ள மிஸ்ஸிங் கட்டத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் 1 முதல் 5 வரை பதில் குறிக்கும் ஐந்து புள்ளி அளவுகோலில் 99ம் சேர்ந்து சராசரி கண்டபடி ஏறிவிடும். ஜாஸ்ப், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்திலிருந்து வருவது. பேய்சியன் என்ற வேறு வகைப் புள்ளியியல் முறை வேண்டுமானால் அதற்குப் போங்கள், இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

ஒரே முறையில் செய்தால் ஒரே விடை என்று மேலே சொன்னேன். மென்பொருள் தானாக எடுக்கும் முறை வேறாக இருந்தால் விடையும் மாறலாம். உதாரணமாக, இரண்டு காரணிகள் வைத்து, குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் அனோவா சோதனை செய்யும்போது குழுக்களில் ஆட்கள் சமமாக இல்லாவிட்டால் ஆரும் ஜமோவியும் வேறு வேறு எண் தரலாம். வேறுபாட்டை அளக்கும் வர்க்கக் கூடுதலைக் கணக்கிடப் பல வகைகள் உண்டு. ஆர் வழக்கமாக முதல் வகையை எடுக்கிறது, ஜமோவியும் எஸ்பிஎஸ்எஸ்ஸும் மூன்றாம் வகையை எடுக்கின்றன. எந்த வகை என்று ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

ஆக, வகுப்புக்கு ஜமோவி, ஆய்வுக்கும் ஜமோவியே, அதன் ஆர் கட்டளைகளைத் தனியாகச் சேமித்து வையுங்கள். ஆனால் இந்த வாரம் எதையும் நிறுவ வேண்டாம்.

முதலில் மனைவியோடு உட்காருங்கள். இரட்டை டிக் போட்ட படிவங்களையெல்லாம் அவர் எடுத்துத் தரட்டும், அவருக்கு நினைவிருக்கும். அந்தப் பதில்களை விடுபட்டவை என்று மாற்றுங்கள். எந்தப் படிவம், எந்தக் கேள்வி, என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் குலுக்கலில் முப்பது படிவம் எடுத்து நீங்கள் வாசியுங்கள், அவர் திரையில் சரிபார்க்கட்டும். பிழை நிறைய வந்தால் மொத்தத்தையும் மறுபடி பார்க்க வேண்டும், இந்த முறை ராத்திரி விழிப்பது நீங்கள். எதிர்மறையாகக் கேட்ட கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டாரா என்றும் கேளுங்கள். திருப்பாமல் விட்டிருந்தால், கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்பா சரிந்துவிடும், நீங்கள் மென்பொருளைத் திட்டுவீர்கள்.

ஆரில் சைட்டேஷன் என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால், இந்த மென்பொருளை உங்கள் ஆய்வில் எப்படி மேற்கோள் காட்ட வேண்டும் என்று ஆரைப் பராமரிக்கும் குழுவான ஆர் கோர் டீமின் பெயரோடு சொல்லும். மென்பொருளை இலவசமாகத் தந்தவர்கள்கூடத் தங்கள் பெயர் நிற்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். உங்கள் நன்றியுரையில் மனைவிக்கு என்ன எழுதப் போகிறீர்கள்? பொறுமையாக இருந்ததற்கு நன்றி என்றா? 312 படிவங்களையும் உள்ளிட்டுச் சரிபார்த்தவர் என்று பெயரைப் போட்டு எழுதுங்கள். பி.காம். படித்தவரை 'வீட்டில்தான் இருக்கிறாள்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். மாணவர்களுக்கு ஜமோவி நடத்துவதற்கு முன் அவருக்கு நடத்துங்கள். எம்.காம். சேர விருப்பம் உண்டா என்றும் கேளுங்கள், உண்டு என்றால் அந்த விண்ணப்பத்தை நிரப்புவது உங்கள் பொறுப்பு.

ஆய்வேட்டில் ஆய்வு முறையைச் சொல்லும் அத்தியாயத்தில், இத்தனை பதில்களில் இரட்டைக் குறி இருந்தது, அவற்றை விடுபட்டவையாகக் கொண்டோம் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். அதெல்லாம் எதற்கு, எடுத்துவிடலாம் என்று வழிகாட்டி சொன்னாலும் எடுக்காதீர்கள். நோட்டைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துப் பேசுங்கள்.