கணக்கியல் கேள்வி-பதில்: கடைச் சேலை வீட்டுக்கு வந்தால்

கேள்வி: விளக்குத்தூண் அருகே அப்பா சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறார். 800 ரூபாய்க்கு வாங்கி 1,100 ரூபாய்க்கு விற்கும் சேலை ஒன்றைச் சித்திரைத் திருவிழாவுக்காக அம்மாவுக்கு எடுத்து வந்தார். இதை விற்பனையாக எழுதலாமா? கடைக்குப் பணம் வருவதைப் 'பற்று' என்று ஏன் எழுதுகிறோம்?
– பதினோராம் வகுப்பு மாணவி, மதுரை

பதில்: விற்பனையாக எழுதக் கூடாது. கடையும் உங்கள் அப்பாவும் கணக்கியலில் வெவ்வேறு நபர்கள். ஆகவே சேலையைக் கடையிடமிருந்து உரிமையாளர் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொண்டார் என்று கருதி, எடுப்புகள் (உரிமையாளர் எடுத்துக்கொண்டவை) கணக்கில் 800 பற்று (இடப்பக்கம்), கொள்முதல் (விற்க வாங்கிய சரக்கு) கணக்கில் 800 வரவு (வலப்பக்கம்) என்று முதல் பதிவேடான குறிப்பேட்டில் பதிய வேண்டும். (ஜி.எஸ்.டி.யை இங்கே சேர்க்கவில்லை.) தன்னிடமிருந்தே ஒருவர் லாபம் ஈட்ட முடியாது என்பதால் 1,100 இங்கே வராது. அதை ரொக்க விற்பனையாக எழுதினால் லாபம் 300 ரூபாய் கூடுதலாகத் தெரியும். எழுதாமலே விட்டால் சேலையின் விலை கடைச் செலவாகவே நின்று, லாபம் 800 ரூபாய் குறைவாகத் தெரியும்.

இரண்டாவது குழப்பம் பெரும்பாலான மாணவர்களுக்கு உண்டு, அது நியாயமானதும்கூட. வீட்டு வரவு செலவு நோட்டில் 'வரவு' என்பது வருமானம். ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறையிலோ அது கணக்கின் வலப்பக்கத்தின் பெயர் மட்டுமே. ரொக்கம் ஒரு சொத்து. சொத்து கூடினால் இடப்பக்கமான பற்றிலும், குறைந்தால் வரவிலும் எழுதுகிறோம்.