கலைஞர் இப்ராஹிம் மஹாமா தன் படைப்பாகக் கட்டடங்களைப் பழைய சாக்கால் போர்த்துவது ஏன்? புதுச் சாக்கு ஆகாதா?

ஆகாது. சாக்கு பட்ட பாடுதான் இங்கே படைப்பு.

மஹாமா 1987இல் கானாவின் தமாலேயில் பிறந்தவர். கானாவின் பெருமை கொக்கோ. ஆனால் அதை அடைக்கும் சணல் சாக்கு ஆசியாவில் நெய்யப்பட்டு இறக்குமதியாவது. கொக்கோ போன பிறகு அதே சாக்கில் அரிசி, மக்காச்சோளம், கடைசியில் அடுப்புக்கரி. அதற்குள் சாக்கு கருத்து, கிழிந்து, ஒட்டுப்போட்டு, வியாபாரிகளின் பெயரெழுத்துகளைச் சுமந்து நிற்கும். அந்தக் கட்டத்தில்தான் மஹாமா புதுச் சாக்கைக் கொடுத்துப் பழையதை வாங்குகிறார். பிழைப்புக்காக நகரத்துக்கு வந்த தொழிலாளர்கள் பலர் சேர்ந்து, ஊசியும் நூலுமாக அவற்றைப் பெரும் விரிப்புகளாகத் தைக்கிறார்கள். 2015 வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில், அதன் அரங்குகளில் ஒன்றான அர்செனாலே என்ற பழைய கப்பல் கட்டும் தளத்தின் நீண்ட திறந்தவெளி நடைபாதையின் இருபுறச் சுவரையும் மூடியவை இவைதான்.

வெளியில் தொங்கவிடுவதில் சிக்கல் உண்டு. சணல் மழைநீரைக் குடித்துக் கனக்கும். அந்த எடையைத் தையல்தான் தாங்க வேண்டும். நைந்த இழை அங்கேதான் முதலில் விடும்.

நேரில் பார்க்க வாய்த்தால் தூரத்திலேயே நின்றுவிடாதீர்கள். கிட்டே போய் முத்திரைகளைப் படியுங்கள். ‘கானாவின் விளைபொருள்’ என்ற அச்சு, கானாவில் நெய்யாத துணியின் மேல் இருக்கும்.