டாம் திரும்பிப் பார்க்கும் அரை நொடி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் ஏழு வயது மகன் ‘டாம் அண்ட் ஜெர்ரி’யின் பழைய குறும்படங்களையே திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறான். புதிதாக எடுத்தவற்றை இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடுகிறான். சின்ன வயதில் பார்த்த பாசத்தில் எனக்குப் பிடிக்கிறது, சரி. அவனுக்கு ஏன்? அப்புறம், இத்தனை அடிதடியைக் குழந்தைக்குக் காட்டலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகனுக்கு அசைபோடப் பழைய நினைவு எதுவும் இல்லை. அவன் சிரிப்பது அந்தப் படங்களின் வேலைப்பாட்டுக்காக.

1940 முதல் 1958 வரை வெளிவந்த 114 படங்களை ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எடுத்தார்கள். பார்பெரா கதையையும் சேட்டைகளையும் வரைந்து தள்ளுவார். ஹன்னா நேரம் குறிப்பார். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படங்கள். டாம் எத்தனை ஃபிரேம் ஓடுவது, மோதும் முன் எத்தனை ஃபிரேம் திகைத்து நிற்பது, எல்லாம் அனிமேட்டர் பென்சிலை எடுக்கும் முன்பே தாளக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். 12 ஃபிரேமுக்கு ஒரு தாளத் தட்டு என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. ஸ்காட் பிராட்லியின் இசை அந்தக் கணக்கின் மேல்தான் உட்கார்ந்தது. காலடி, இமை கொட்டல், பல் உதிர்வது எல்லாமே தாளத்தில் விழும். டாமின் அந்தப் புகழ்பெற்ற அலறல் ஹன்னாவின் சொந்தக் குரல்.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், டாமின் முகத்துக்கு. வாலில் வெடி கட்டியிருப்பதை அவன் பார்க்கிறான். புரிகிறது. உடனே வெடிப்பதில்லை. அரை நொடி நம் பக்கம் திரும்புகிறான், அப்புறம்தான் வெடிக்கிறது. நாம் சிரிப்பது அந்த அரை நொடியில். வெடி அதற்கான ரசீது மட்டும்தான். நாலு ஃபிரேம் குறைந்தால் அவனுக்குப் புரிந்தது நமக்குத் தெரியாது, நாலு கூடினால் நாம் முந்திக்கொண்டுவிடுவோம். பேச்சே அனேகமாக இல்லாத ஒரு பூனையை இத்தனை பெரிய நடிகனாக்கியது இந்தக் கணக்குதான் என்பேன்.

இது வெறும் பழம்பாசம் இல்லை என்பதற்கு அந்த இருவரின் வாழ்க்கையே சாட்சி. 1957இல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. இருவரும் சொந்தக் கம்பெனி தொடங்கி டிவிக்குப் போனார்கள். அங்கே பணமும் குறைவு, நாளும் குறைவு. உடம்பை அப்படியே வைத்துவிட்டுத் தலையையும் வாயையும் மட்டும் அசைத்தார்கள். அவர்களின் டிவி கார்ட்டூன் நாயகன் யோகி கரடி காலரும் டையும் கட்டியிருப்பது அழகுக்கு மட்டுமில்லை: தலையை மட்டும் தனியாக வரைந்து ஒட்டினால் கழுத்தில் கோடு தெரியாது. வசனத்தால் சிரிக்க வைத்தார்கள், நன்றாகவே வைத்தார்கள். ஆனால் அந்த அரை நொடி போய்விட்டது. கைகள் அதே கைகள்தான்.

அடிதடி பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. தோசைக்கல் போல் தட்டையான டாம் அடுத்த காட்சியில் முழு உருவத்தோடு வருகிறான். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த உலகத்தின் சட்டம் நன்றாகவே தெரியும்.

என்னை உறுத்துவது வேறு. ஆரம்ப காலப் படங்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பினப் பெண் ஒருத்தி வருவாள். காலும் கட்டைக் குரலும்தான், முகம் அனேகமாகக் காட்டப்படாது. அன்றைய அமெரிக்க வெள்ளையர்கள் கறுப்பினப் பணிப்பெண்ணைக் கேலியாக வார்த்துவைத்த அச்சு அது. வெடித்ததும் டாமின் முகம் கறுத்துப்போய்க் கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் காட்சிகளும் உண்டு. பிற்பாடு டிவிக்காகச் சிலவற்றை வெட்டினார்கள், அவள் குரலையும் மாற்றிப் பதிந்தார்கள். இந்தப் படங்களை நான் நேசிக்கிறேன், அதனாலேயே இதை மூடி மறைக்க மனம் வரவில்லை. அந்த இடம் வரும்போது பக்கத்தில் இருங்கள். ஏன் தப்பு என்று சொன்னால் பையன் புரிந்துகொள்வான்.

அடுத்து எதைப் போடுவது என்று கேட்டால், 1947இல் வெளிவந்து ஆஸ்கர் வாங்கிய ‘தி கேட் கான்செர்ட்டோ’. டாம் கோட்டு மாட்டிக்கொண்டு பியானோவில் இசையமைப்பாளர் லிஸ்ட்டின் ‘இரண்டாம் ஹங்கேரிய ராப்சடி’ என்ற இசையை வாசிக்கிறான், பியானோவுக்குள் ஜெர்ரி தூங்குகிறான். சண்டை முழுக்க வாசிப்பு நிற்காமலேயே நடக்கிறது. முதலில் சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாம் முறை டாமின் விரல்களை மட்டும் பாருங்கள்.