விடால் பாசிட்டிவ் என்றால் டைபாய்டா?

கேள்வி: என் மகளுக்கு வயது 14. இரண்டு வருடத்தில் நான்கு முறை டைபாய்டு வந்துவிட்டது. காய்ச்சல் வந்த இரண்டாம், மூன்றாம் நாளே ரத்தம் எடுப்பார்கள், ‘டைபாய்டு’ என்று ரிசல்ட் வரும், ஐந்து நாள் ஊசி போட்டதும் சரியாகிவிடும். கடைசி முறை குணமாகி ஒரு மாதம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க நாங்களே மறுபடி டெஸ்ட் எடுத்தோம். ‘டி.ஓ. 1:160’ என்று வந்தது. “கிருமி இன்னும் ரத்தத்துல இருக்கு” என்றார் லேப்காரர். இதற்கிடையில் என் நாத்தனார், பித்தப்பையில் கல் இருப்பவர்கள் சமைத்தால் டைபாய்டு பரவும் என்று எங்கோ படித்துவிட்டு, மாமியாரைச் சமையலறைப் பக்கமே விடாதே என்கிறார். மாமியாருக்குக் கல் இருப்பது உண்மைதான். கிருமியை அடியோடு விரட்ட என்ன செய்வது? மகளுக்குக் கஞ்சி மட்டும்தான் கொடுக்க வேண்டுமா?
— திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த லேப்காரர் சொன்னதைத் திருத்திவிடுகிறேன். உங்கள் மகளின் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா இல்லையா என்று அந்தப் பரிசோதனை பார்க்கவே இல்லை. அதன் பெயர் விடால் பரிசோதனை; அதனால் கிருமியைப் பார்க்க முடியாது.

அது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே விளங்கும். ரத்தத்தைக் கொஞ்ச நேரம் வைத்தால் மேலே மஞ்சளாகத் தெளியும். அந்தத் தெளிவில் ஒரு சொட்டை எடுத்துப் பட்டையில் விடுவார்கள். பக்கத்தில் சின்னக் குப்பியிலிருந்து இன்னொரு சொட்டு. அதில் இருப்பது கொன்று சாயமேற்றிய டைபாய்டு பாக்டீரியா; ஓ வகைக்கு (உங்கள் ரிசல்ட்டில் ‘டி.ஓ.’ என்று இருப்பது) நீலம், எச் வகைக்குச் சிவப்பு. குச்சியால் கலக்கி, பட்டையை ஒரு நிமிடம் அப்படியும் இப்படியும் சாய்ப்பார்கள். பால் திரிந்த மாதிரி திப்பி திப்பியாகக் கட்டினால் பாசிட்டிவ். அதாவது, கிருமி கம்பெனியிலிருந்து குப்பியில் வந்தது. உங்கள் மகளிடமிருந்து வந்தது அந்தக் கிருமியைப் பிடித்து ஒட்டவைக்கும் ஆன்டிபாடி மட்டும்தான். 1:160 என்றால், ரத்தத் தெளிவை 160 மடங்கு நீர்க்க வைத்தும் ஒட்டுகிறது என்று பொருள். 160 கிருமி என்று பொருள் இல்லை (அப்படி நினைத்து அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்).

ஆன்டிபாடி என்பது உடம்பின் ஞாபகம். எப்போதோ ஒரு முறை டைபாய்டு கிருமியோடு மோதியிருந்தாலும் அது மாதக்கணக்கில் நிற்கும். எச் வகை ஆன்டிபாடி வருடக்கணக்கில்கூட நிற்கும். டைபாய்டு புழங்கும் நம் ஊர்களில், நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டு விடால் செய்தாலே 1:40, 1:80 சர்வசாதாரணமாக வரும். டைபாய்டு கிருமிக்கு உறவுக்கார பாக்டீரியாக்கள் பல உண்டு. அவற்றுக்காக உண்டான ஆன்டிபாடியும் இதில் ஒட்டும். மலேரியாவிலும் டெங்குவிலும்கூடப் பொய்யாக பாசிட்டிவ் காட்டியிருக்கிறது. ஆகவே குணமான பிறகு ‘கிருமி போச்சா’ என்று பார்க்க விடால் எடுப்பதில் ஒரு பயனும் இல்லை. அதை நிறுத்திவிடுங்கள்.

பெர்னான் விடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896-இல் இதைக் கொண்டுவந்தபோது இது பெரிய சாதனைதான். ஆனால் ஊரைப் பொறுத்து இதன் அர்த்தம் மாறும். நோய் குறைவாக இருக்கும் இடத்தில் ஆன்டிபாடி தெரிந்தால் அதற்கு அர்த்தம் அதிகம். எல்லோரும் ஒரு முறையாவது கிருமியைத் தொட்டுவிட்டு வரும் ஊரில் அதே ரிசல்ட்டுக்கு அர்த்தம் குறைவு. இதிலும் ஒரு சரியான முறை உண்டு: முதல் வாரம் ஒரு முறை, ஏழு முதல் பத்து நாள் கழித்து இன்னொரு முறை எடுத்து, அளவு நாலு மடங்காவது ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? இரண்டாம் நாள் எடுத்த ஒற்றை விடாலை வைத்துத்தான் ஊசி ஆரம்பமாகிறது. இத்தனைக்கும் உண்மையான டைபாய்டில்கூட முதல் வாரக் கடைசியில்தான் ஆன்டிபாடி ஏறத் தொடங்கும். அதனால் இரண்டாம் நாள் பாசிட்டிவ் என்பது பெரும்பாலும் பழைய கதையாகத்தான் இருக்கும். அட்டையில் கோடு விழும் டைபாய்டு டெஸ்ட்டும் இதைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல மாட்டேன்.

‘அப்படியானால் ஊசி போட்டதும் எப்படிச் சரியானது?’ என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சலில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அது ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் நாலைந்து நாளில் இறங்கிவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. உண்மையான டைபாய்டில் சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் முழுசாக இறங்க நான்கிலிருந்து ஏழு நாள் ஆவது வழக்கம். முதல் ஊசியிலேயே காய்ச்சல் விட்டுப் பிள்ளை எழுந்து டிவி பார்த்தாள் என்றால், அது டைபாய்டாக இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். உங்கள் மகளுக்கு வந்த நான்கில் ஒன்று டைபாய்டாக இருந்திருக்கலாம். ஒன்றுகூட இல்லாமலும் போயிருக்கலாம். இப்போது உட்கார்ந்து பிரித்துச் சொல்ல வழியில்லை.

சரி, கிருமியையே பிடிக்க வழி உண்டா? உண்டு, அதன் பெயர் பிளட் கல்ச்சர். அதைப் புரிந்துகொள்ளக் கிருமியின் நடமாட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டைபாய்டு கிருமியான சால்மோனெல்லா டைஃபி மனிதனை விட்டால் வேறெங்கும் குடியிருப்பதில்லை. ஆடு மாடு, கோழி எதிலும் இல்லை. ஒருவர் மலத்தில் வெளியேறியது தண்ணீரிலோ கையிலோ ஏறி இன்னொருவர் வாய்க்குப் போகிறது. அவ்வளவுதான் அதன் பயணம். வயிற்று அமிலத்தில் நிறையச் செத்துப்போகும். தப்பியது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சுவரைத் துளைத்து உள்ளே இறங்கும். அங்கே காவலுக்கு நிற்கும் வெள்ளணுக்கள் அதை விழுங்குகின்றன. இந்த இடத்தில்தான் அதன் கெட்டிக்காரத்தனம்: விழுங்கப்பட்ட பிறகும் சாகாமல் அந்த வெள்ளணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். போலீஸ் ஜீப்பிலேயே ஊர் சுற்றும் திருடன் மாதிரி, அதே அணுவில் ஏறிக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று போய்ச் சேரும். இதெல்லாம் நடக்கும் ஒன்றிரண்டு வாரமும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பெருகி ரத்தத்தில் கொட்டும்போதுதான் காய்ச்சல். அதுவும் படிப்படியாக ஏறி, நாளுக்கு நாள் அசதி கூடி, நாக்கு வெளுத்து, பசி செத்து வரும். ஆகவே நேற்றுச் சாப்பிட்ட பானிபூரியால் இன்று டைபாய்டு வராது. பத்து நாளுக்கு முன்னால் எங்கே என்ன சாப்பிட்டாள் என்று யோசிக்க வேண்டும்.

ரத்தத்தில் கொட்டுகிறது என்றேனே, அது எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லி ரத்தத்தில் ஒரே ஒரு உயிருள்ள கிருமி இருந்தால் அதிகம். அதனால்தான் கல்ச்சருக்கு ரத்தம் தாராளமாக வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் 8–10 மில்லி. “இவ்வளவு ரத்தமா!” என்று அப்பாக்கள் சண்டைக்கு வருவார்கள், லேப்காரரும் பயந்து மூன்று மில்லியோடு நிறுத்துவார். அந்த மூன்று மில்லியில் கிருமி சிக்காமல் போனால் ரிசல்ட் நெகட்டிவ். எடுத்த ரத்தத்தைச் சத்துக்கரைசல் இருக்கும் பாட்டிலில் விட்டு, உடம்புச் சூட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வளர்ந்து காட்டிவிடும். வளர்ந்ததை எடுத்து எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்றும் பார்த்துச் சொல்வார்கள். விடாலால் செய்யவே முடியாத காரியம் இது.

இதிலும் ஓட்டை உண்டு. உண்மையான டைபாய்டு பத்துப் பேருக்கு இருந்தால், ஐந்தாறு பேரிடம்தான் பிளட் கல்ச்சர் பிடிக்கும். மருந்துக்கடையில் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வந்தால் அதுவும் பிடிக்காது. ஆகவே ரத்தம் எடுத்த பிறகுதான் மருந்து, இந்த வரிசை மாறக் கூடாது. அடுத்த முறை காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டி, சளி, இருமல் மாதிரி வெளிப்படையான காரணம் எதுவும் இல்லையென்றால், “கல்ச்சர் எடுத்துட்டு மருந்து ஆரம்பிக்கலாமா டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வசதி இருக்கிறது.

மருந்து விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் டைபாய்டுக்குக் குளோராம்பெனிகால் கைகண்ட மருந்து. பிறகு அது பலிக்காமல் போக, சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது. இன்று இந்தியாவில் கிடைக்கும் டைபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை சிப்ரோவுக்கு மசிவதில்லை. மிச்சம் இருப்பவை செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் மாதிரிச் சில. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு பரவியது. வைரஸ் காய்ச்சலுக்கெல்லாம் இந்த ஊசியைப் போட்டால், நிஜமாகவே தேவைப்படும் நாளில் கை வெறுமையாக நிற்போம். அப்புறம், குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் வெளியாட்கள் வந்து இடம் பிடிக்காமல் தடுத்துக்கொண்டிருப்பவை. ஒவ்வொரு வீண் ஊசியிலும் அவை கொத்துக் கொத்தாகச் சாகின்றன. ஊசிக்குப் பிறகு உங்கள் மகளுக்கு இரண்டு நாள் வயிறு கழிந்திருந்தால், அதற்கு இது காரணமாக இருக்கலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘டைபாய்டு’ என்று சீட்டு ஒட்டிவிட்டால் வேறு நோயைத் தேடுவது நின்றுவிடும். உங்கள் பக்கம், முக்கியமாக மழைக்காலம் தொடங்கி பனிக்காலம் வரை, ஸ்க்ரப் டைபஸ் கணிசமாக வருகிறது. புதர், புல் பக்கம் போகும்போது கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்கு அடியில், முழங்கால் பின்புறம் என்று யாரும் பார்க்காத இடத்தில்தான் இருக்கும். பதினான்கு வயதுப் பெண் டாக்டரிடம் அதைக் காட்டக் கூச்சப்படுவாள். குளிக்கும்போது நீங்கள் பாருங்கள். டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் இதற்குச் சுத்தமாகக் கேட்காது, டாக்ஸிசைக்ளின் மாதிரி மருந்துதான் கேட்கும். இந்த இரண்டு நோயையும் குழப்பிக்கொள்வது நமக்கு மட்டும் உரிய பழக்கமில்லை. 1948-இல் ஸ்க்ரப் டைபஸுக்குக் குளோராம்பெனிகால் பலிக்கிறதா என்று பார்க்க அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று கோலாலம்பூர் போனது. ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு இருந்தது டைபாய்டு என்று பிறகு தெரிந்தது. அவர்களும் தேறினார்கள். டைபாய்டுக்கு முதல் மருந்து கிடைத்தது அப்படித்தான்.

கஞ்சி விஷயம். இப்போது காய்ச்சல் இல்லையே, பிறகு எதற்குப் பத்தியம்? வளரும் பெண்ணை வருடக்கணக்கில் கஞ்சியில் வைத்தால் டைபாய்டைவிட அதுதான் அவளைப் படுக்கவைக்கும். உண்மையாகவே டைபாய்டு வந்தாலும் இட்லி, குழைந்த பருப்பு சாதம், வேகவைத்த முட்டை, மோர் எல்லாம் கொடுக்கலாம். காரமும் பொரித்ததும் சில நாள் வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் ஒன்று: காய்ச்சல் இரண்டாம் வாரத்தைத் தாண்டும்போது குடல்சுவர் புண்ணாகி ஓட்டை விழ வாய்ப்புண்டு. திடீரென்று வயிறு கல் மாதிரி இறுகி வலித்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, பிள்ளை பிதற்ற ஆரம்பித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி.

தடுக்க வழி தண்ணீரும் தடுப்பூசியும். தண்ணீர் தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கேன் தண்ணீர் என்பதற்காக மட்டும் நம்பிவிட முடியாது. ஐஸில் இந்தக் கிருமி சாகாது என்பதால் ரோட்டோர ஜூஸில் எனக்குப் பயம் ஐஸ்தான், பழம் இல்லை. சூடாக எண்ணெயிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பஜ்ஜியைவிட, பக்கத்தில் வைக்கும் பச்சை வெங்காயமும் நீர்த்த சட்னியும் ஆபத்து. தடுப்பூசியில் கான்ஜுகேட் வகையைக் கேளுங்கள். ஹைதராபாத்தில் தயாராகும் டைப்பார் டி.சி.வி. என்ற ஊசியை நேபாளத்தில் குழந்தைகளிடம் சோதித்தபோது, கல்ச்சரில் உறுதியான டைபாய்டைச் சுமார் 80 சதவீதம் தடுத்தது. ஒரே ஊசி, உங்கள் மகள் வயதில் தாராளமாகப் போடலாம். டைபாய்டு மாதிரியே இருந்து, அதன் உறவுக்காரக் கிருமியால் வரும் பாராடைபாய்டை அது தடுக்காது.

கடைசியாக மாமியார். நாத்தனார் படித்தது பொய்யில்லை. டைபாய்டு வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேரிடம், நோய் போன பிறகும் கிருமி பித்தப்பையில் தங்கிவிடும். கல் இருந்தால் அதன் மேல் பாசி மாதிரி படிந்துகொள்ளும். நியூயார்க்கில் மேரி மலோன் என்ற சமையற்காரர் தனக்கு ஒரு நோயும் தெரியாமலே, வேலை பார்த்த பல வீடுகளில் டைபாய்டைப் பரப்பினார். 1907-இல் பிடிபட்டார், மூன்றாண்டுக்குப் பிறகு விட்டார்கள், மறுபடி சமைக்கப் போய் 1915-இல் அகப்பட்டு, 1938-இல் சாகும்வரை ஒரு தீவில் அடைபட்டுக் கிடந்தார். அவர் செய்த ஐஸ்கிரீமும் பீச் பழமும்தான் சந்தேகத்தில் முதலிடம். வேகவைத்த பண்டத்தில் கிருமி செத்திருக்குமே.

ஆனால் பித்தப்பைக் கல் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமி கிடையாது. அதோடு உங்கள் வீட்டில் ஒரு முறைகூட டைபாய்டு நிரூபிக்கப்படவில்லை. வேறு யாருக்கும் வந்ததாகவும் நீங்கள் எழுதவில்லை. நாளைக்கு மகளுக்குக் கல்ச்சரில் டைபாய்டு உறுதியாகி, அதுவும் திரும்பத் திரும்ப உறுதியானால், மாமியாருக்குச் சில முறை மலக் கல்ச்சர் செய்து பார்க்கலாம். இருந்தால் மருந்திலேயே போகவும் வாய்ப்புண்டு, இல்லையென்றால் பித்தப்பையை எடுப்பதைப் பற்றி டாக்டர் சொல்வார். அதுவரை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அவரே சமைக்கட்டும். நாத்தனாரும் சாப்பிடலாம்.