வலது கைப் பையன் இடது பக்கமும் நின்னு அடிக்கணுமா?

கேள்வி: நாங்க நியூஜெர்சில இருக்கோம். பையனுக்கு 11 வயசு, லிட்டில் லீக்ல பேஸ்பால் ஆடறான், எல்லாமே வலது கை. கோச் இவனை ஸ்விட்ச் ஹிட்டரா, அதாவது ரெண்டு பக்கமும் நின்னு அடிக்கறவனா மாத்தலாம்ங்கறார். ஆபீஸ்ல ஒருத்தர், அதெல்லாம் பழைய காலத்து வித்தை, இனி எடுபடாதுங்கறார். நான் கிரிக்கெட் பாத்து வளந்தவன், ஒண்ணும் புரியல. என்ன பண்றது?

பதில்: மொதல்ல அந்த கிரிக்கெட்ட ஓரமா வைங்க சார். பவுலர் ஓடி வர்றப்ப பீட்டர்சன் சட்டுனு திரும்பி நின்னாரே, அது இல்ல இது. பிட்சர், அதாவது பந்து போடறவர், எந்தக் கைன்னு பாத்துட்டு அதுக்கு எதிர்ப் பக்கமா போய் நின்னுக்கணும், அவர் போட ரெடியாகிட்டா அப்புறம் மாறக்கூடாது, அவ்ளோதான். ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னா, வலது கை பிட்சரோட ஸ்லைடர்னு ஒரு பந்து, பக்கவாட்டுல வளையும், வலது கை பேட்டரை விட்டு வெளிய ஓடும், எட்டி எட்டி விசிறி ஏமாறுவாங்க, அதே பந்து இடது பக்கம் நிக்கறவனுக்கு உள்ள வரும், கண்ணுக்கும் நல்லா தெரியும். அடிச்சுட்டு ஓட வேண்டிய முதல் பேஸும் ஒண்ணு ரெண்டு எட்டு பக்கம்.

ஆபீஸ் நண்பர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. அப்ப ஓரியோல்ஸ் டீம்ல இருந்த செட்ரிக் முல்லின்ஸ்னு ஒருத்தர், பிறவியிலேயே இடது கை பேட்டர், வலது பக்கம் சரியா வரலன்னு 2021 சீசனுக்கு முன்னாடி அதைத் தூக்கிப் போட்டார், அந்த வருஷமே 30 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), 30 ஸ்டீல் (பிட்சர் அசந்த நேரம் அடுத்த பேஸுக்கு ஓடிடறது). அதோட 2020-லருந்து புது ரூல், மாத்தா உள்ள வர்ற பிட்சர் இன்னிங்ஸ் முடியலன்னா 3 பேருக்காவது போட்டே ஆகணும், அதனால ஒரே ஒரு இடது கை பேட்டரை மடக்கறதுக்குன்னே இடது கை ஆளைக் கூட்டிட்டு வர்ற தந்திரம் குறைஞ்சு போச்சு, ஸ்விட்ச் ஹிட்டரோட மவுசும் அந்த அளவுக்குக் குறைஞ்சுது.

ஆனா செத்துப் போச்சுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். 2025-ல சியாட்டில் டீம் கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) கேல் ராலி 60 ஹோம் ரன் அடிச்சார், ஸ்விட்ச் ஹிட்டர்கள்ல மிக்கி மேன்டில் 1961-ல அடிச்ச 54-தான் அதுவரைக்கும் ரெக்கார்டு. ரெண்டு பேருக்கும் வீட்லதான் பயிற்சி. மேன்டிலுக்கு அப்பா வலது கையால போடுவார், தாத்தா இடது கையால போடுவார். ராலிக்கு அவங்க அப்பா, அந்த வருஷம் ஹோம் ரன் டெர்பில, அதாவது யாரு நிறைய ஹோம் ரன் அடிக்கறாங்கங்கற போட்டில, பந்து போட்டதும் அவர்தான்! இப்ப ஸ்வீப்பர்னு ஒரு பந்து வந்திருக்கு, ஸ்லைடரை விட அகலமா ஓடும், அதை வலது கை பேட்டர் வலது கை பிட்சர்கிட்ட வாங்கறது கொடுமை. அப்ப எதிர்ப் பக்கம் நிக்கத் தெரிஞ்சவனுக்கு மதிப்பு கூடத்தானே செய்யும்?

கோச் உங்ககிட்ட சொல்லாம விட்ட கணக்கு ஒண்ணு இருக்கு. பிட்சர்கள்ல பெரும்பாலும் வலது கைதான். அப்ப உங்க பையன் முக்காவாசி நேரம் அவனுக்கு வராத இடது பக்கம்தான் நிப்பான், சொந்தமா வர்ற வலது பக்கத்துக்கு வாய்ப்பே அமையாம அது துருப்பிடிச்சுப் போகும். முல்லின்ஸுக்கு இது உல்டா, அதான் அவரால சுலபமா விட முடிஞ்சுது. உங்க பையனுக்கு லாபமும் பெருசு, ரிஸ்க்கும் பெருசு. இன்னொண்ணு, 11 வயசுப் பசங்க யாரும் பெருசா ஸ்லைடர் போட மாட்டாங்க, அதனால லாபம் இப்போதைக்குக் கண்ணுல படாது, நஷ்டம் மட்டும் ஸ்கோர்ல தெரியும்.

அதனால நான் சொல்றது, அவனுக்குப் பிடிச்சிருக்கான்னு மொதல்ல பாருங்க, வீட்ல யாரும் சொல்லாமலே பேட்டை எடுத்து இடது பக்கமா வீசிப் பாக்கறானான்னு. வீசறான்னா டீ-ங்கற பந்து வைக்கற ஸ்டாண்டுல பந்தை வெச்சு தினம் கொஞ்ச நேரம் ரெண்டு பக்கமும் அடிக்க விடுங்க, நீங்க வலது கைன்னா இடது பக்கப் பயிற்சிக்கு நீங்களே பந்து போடலாம், கிரிக்கெட் மாதிரி தரையில குத்திப் போட்டுடாதீங்க. மேட்ச்ல டீம் நல்லா லீட்ல இருக்கறப்ப மட்டும் இடது பக்கம் நிக்கட்டும்னு கோச்கிட்ட பேசுங்க. அவுட் ஆனா வெளிய உக்காந்து கத்தாதீங்க. ஹைஸ்கூல் டீமுக்குப் போறப்ப திரும்பிப் பாக்கலாம், அப்பவும் வரலன்னா விட்டுடலாம், முல்லின்ஸ் விட்டப்ப அவருக்கு வயசு 26.