நம்பர் இருந்தால் அசலா? பழைய கார் பாகங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: 1967 செவர்லே ஒன்று விலைக்கு வருகிறது. "இன்ஜின் அசல்தான், பிளாக்கில் நம்பர் இருக்கிறது பாருங்கள்" என்கிறார் விற்பவர். நம்பலாமா சார்?

பதில்: எந்த நம்பரைக் காட்டினார்? இன்ஜினின் இரும்பு உடலான பிளாக்கில் இரண்டு வகை எண் உண்டு. வார்க்கும்போதே வந்து புடைத்து நிற்பது ஒன்று. பிறகு பஞ்ச் வைத்து அடித்துக் குழிந்திருப்பது இன்னொன்று. புடைத்த எண் அது எந்த ரக பிளாக் என்று மட்டும்தான் சொல்லும். அதே எண்ணில் ஆயிரக்கணக்கில் வார்த்திருப்பார்கள்.

வார்ப்புத் தேதி தனியாக இருக்கும். 'சி 14 7' என்றால் ஆங்கிலத்தில் மூன்றாம் எழுத்து, அதாவது மார்ச் 14. ஆண்டு 7இல் முடிகிறது. 1957ஆ 1967ஆ என்பதை வார்ப்பு எண்ணை வைத்து முடிவு செய்யலாம். இந்தத் தேதி கார் தயாரான தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். கார் ஏப்ரலில் வெளிவந்து, பிளாக் ஜூனில் வார்த்ததாக இருந்தால் பேச்சே இல்லை, இன்ஜின் மாறியிருக்கிறது.

அப்புறம் குழிந்த எண். செவர்லே வி8 இன்ஜினில் (ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க) வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறு தட்டையான இடத்தில் அடித்திருப்பார்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தொழிற்சாலையில் அந்தப் பரப்பைச் சீவியபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும். எண் அவற்றின் மேல் விழுந்திருக்கும். ஓவராலிங்கில் பிளாக்கின் மேல்பரப்பைச் சீவியிருந்தாலும் கோடுகள் போய்விடும். அது ஏமாற்று ஆகாது. ஆனால் அப்படிச் சீவினால் எண்ணும் சேர்ந்து போகும் அல்லது மங்கும். கோடுகள் இல்லாத வழவழப்பான பரப்பில் எண் மட்டும் பளிச்சென்று இருந்தால் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கலாம்; விலையைப் பற்றி மறுபடி பேசுங்கள்.

கேள்வி: என்னுடையது 1966 ஃபோர்டு. ஆனால் பல பாகங்களில் சி5 என்று தொடங்கும் எண்கள். எல்லாம் 1965 காரிலிருந்து கழற்றி மாட்டியதா?

பதில்: இல்லை, பதற வேண்டாம். ஃபோர்டு எண்ணில் முதல் எழுத்து பத்தாண்டைக் குறிக்கும்: சி என்றால் அறுபதுகள், டி என்றால் எழுபதுகள். அடுத்த இலக்கம் வருடம். ஆனால் அது அந்தப் பாகத்தை வடிவமைத்த ஆண்டு, செய்த ஆண்டு அல்ல. 1965இல் வடிவமைத்ததை மறு ஆண்டுக் காரிலும் மாட்டுவது சகஜம். செய்த தேதியைத் தனியாகத் தேடுங்கள். '6சி14' போல ஆண்டு, மாதம், நாள் என்று இருக்கும். ஒரு சிக்கல்: மாத எழுத்துகளில் ஃபோர்டு 'ஐ'யை விட்டுவிடும், செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் விடாது. அதனால் 'ஜே' ஃபோர்டில் செப்டம்பர், செவர்லேயில் அக்டோபர்.

கேள்வி: எம்ஜி டி வரிசைக் கார். இன்ஜினில் போல்ட் தலைக்கு விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு) ஸ்பானர்தான் பொருந்துகிறது, மரையோ மில்லிமீட்டர் கணக்கில் இருக்கிறது. யாரோ கண்டதையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் மாற்றிவிடவா?

பதில்: ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்! அதுதான் அசல். இந்த இன்ஜின் பிரிட்டிஷ் கார் கம்பெனியான மோரிஸ் வழியில் வந்தது. மோரிஸ் 1923இல் வாங்கிய ஹாட்ச்கிஸ் இன்ஜின் தொழிற்சாலையில் பிரெஞ்சு இயந்திரங்கள் இருந்தன; அவை மெட்ரிக் மரைதான் போடும். வாங்குபவர் கையில் இருந்ததோ இங்கிலீஷ் ஸ்பானர். ஆகவே மரை மெட்ரிக், தலை விட்வொர்த் என்று ஆக்கிவிட்டார்கள். இந்த இன்ஜினில் 8 மி.மீ. போல்டின் மரை இடைவெளி 1 மி.மீ.; இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்டில் 1.25. கடை போல்டைப் போட்டால் இரண்டு சுற்று இறங்கி இறுகும். அதற்குமேல் பலம் போட்டால் பிளாக்கின் மரை போய்விடும்.

மற்ற பிரிட்டிஷ் கார்கள் வைத்திருப்பவர்களுக்கு: போல்ட் தலையில் ஒன்றையொன்று தொட்டபடி சின்ன வட்டங்கள் இருந்தால் அது யூனிஃபைட் மரை. பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் இதற்கு ஒப்புக்கொண்டது 1948இல். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காரில் அந்த வட்டங்களைப் பார்த்தால் பின்னால் வந்த போல்ட் என்று தைரியமாகச் சொல்லலாம்.

கேள்வி: ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் கூட்டிக் காட்டுகிறது. மீட்டர் மாற்றியிருப்பார்களோ?

பதில்: ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர் என்றால் முகத்தின் அடியில் பொடி எழுத்தில் பாக எண்ணும், கூடவே 1280 போல ஓர் எண்ணும் இருக்கும். கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் ஒரு மைலுக்கு அத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று பொருள். மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, உள்கம்பியில் ஒரு காகிதக் கொடி ஒட்டுங்கள். நியூட்ரலில் காரை 52.8 அடி தள்ளச் சொல்லிச் சுற்றுகளை எண்ணுங்கள். அது மைலில் நூறில் ஒரு பங்கு. கிட்டத்தட்ட பன்னிரண்டே முக்கால் சுற்று வர வேண்டும். பதினான்கு வந்தால் மீட்டரோ, பின் அச்சிலுள்ள கிரவுன் பினியன் பற்சக்கரமோ, டயர் அளவோ ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. டயரை முதலில் பாருங்கள், அதுதான் செலவில்லாதது.

கேள்வி: அசல் நிறத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: வெளியே தேடாதீர்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால், கதவு ரப்பருக்கு அடியில், உள் அட்டைகளைக் கழற்றிய இடத்தில் பாருங்கள். மேலோட்டமாக பெயின்ட் அடிப்பவர் அங்கெல்லாம் கை விடமாட்டார். மறைவான ஓரிடத்தில் நகக்கண் அளவுக்கு, தண்ணீர் தொட்டு, நைசான உப்புத்தாளால் தேய்த்தால் வளையம் வளையமாகப் பழைய நிறங்கள் வெளிவரும். நடுவில் தகரம், அதைச் சுற்றி பிரைமர், அடுத்த வளையம் முதல் நிறம். பிரைமரின் சாம்பலையோ செங்காவியையோ அசல் நிறம் என்று எடுத்துக்கொண்டு கார் முழுக்க அடித்துவிடாதீர்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட், தின்னர் நனைத்த துணியில் இன்றும் கரைந்து ஒட்டும். ஹார்டனர் கலந்து அடித்து இறுகிய டூ-பேக் பெயின்ட் கரையாது.

கேள்வி: என் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் 211 என்று தொடங்கும் பாகம் இருக்கிறதே?

பதில்: முதல் மூன்று இலக்கம் அந்தப் பாகம் எந்த வண்டிக்காக முதலில் வந்தது என்பதைச் சொல்லும். 211 வேன் குடும்பம். பொதுவான பாகமாகவும் இருக்கலாம். பாகப் புத்தகத்தில் உங்கள் ஆண்டுக்கு நேராக அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்றால் சந்தேகப்பட வேண்டியதில்லையே?

பதில்: பெட்டியையும் லேபிளையும் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். பாகத்தைப் பாருங்கள்.

கேள்வி: அசல் மட்கார்டு பாதி துருப்பிடித்துவிட்டது. புதிதாகச் செய்து விற்பதை மாட்டலாமா, பழையதிலேயே தகடு வைத்து டிங்கரிங் பண்ணலாமா?

பதில்: நல்ல டிங்கர் கிடைத்தால் பழையதுதான். விளிம்பு மடிப்பும் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளின் இடைவெளியும் புதியதில் அப்படியே வருவதில்லை. போனட் இடுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முடியாவிட்டால் புதியதையே மாட்டுங்கள், தப்பில்லை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம்கூட மாற்றாதே என்று சொல்லவில்லை. மாற்றியதை அடையாளம் தெரியும்படி குறித்து வை என்கிறது. உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், ஆண்டைப் பஞ்சால் அடித்துவிடுங்கள். பழைய மட்கார்டைக் காயலான் கடைக்குப் போடாமல் பரணில் வையுங்கள். விளக்கு வளையத்துக்கு ஓட்டை எங்கே போடுவது என்று அளவெடுக்க எப்படியும் அதைத்தான் இறக்க வேண்டியிருக்கும்.