பிள்ளை நித்திரைக்கு ‘ஷ்ஷ்’ சத்தம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய தொடர்மாடியில் இருக்கிறோம். பிள்ளைக்கு இரண்டு மாதம். ஒரு பக்கம் பஸ் ஹோர்ன், மறுபக்கம் ரயில். கனடாவில் இருக்கும் மச்சாள் வைட் நொய்ஸ் மெஷின் (‘ஷ்ஷ்’ என்று ஒரே சீரான இரைச்சல் போடும் கருவி) ஒன்று அனுப்பியிருக்கிறா. தொட்டிலுக்குள் வைக்கலாமா? எவ்வளவு சத்தம் வைப்பது?

பதில்: தொட்டிலுக்குள் வேண்டாம், தொட்டில் கம்பியில் கட்டவும் வேண்டாம். பிள்ளையின் தலையிலிருந்து குறைந்தது 2 மீற்றர், அதாவது ஆறரை அடி, தள்ளி வையுங்கள். 2014 இல் வெளியான கனேடிய ஆய்வொன்றில் இப்படியான 14 மெஷின்களை முழுச் சத்தத்தில் வைத்து அளந்தார்கள். 30 சென்ரிமீற்றர் தூரத்தில் எல்லாமே 50 டெசிபலை (சத்தத்தை அளக்கும் அலகு) தாண்டின. மூன்று மெஷின்கள் 85ஐயும் தாண்டின. வைத்தியசாலையில் பச்சைக் குழந்தைகள் இருக்கும் அறைக்குச் சொல்லப்படும் எல்லை 50. தொழிற்சாலையில் எட்டு மணிநேரம் வேலை செய்பவரின் காதைக் காக்க வைத்திருக்கும் எல்லை 85. விடியும்வரை ஓடும் மெஷினைக் காதருகே வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

திறந்த வெளியில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். அறைக்குள் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் கணக்கு அவ்வளவு சரியாக வராது. அதனால் அளந்து பார்ப்பதே நல்லது. இரைச்சலைப் போனில் போடுகிறீர்கள் என்றால் அதே போனில் அளக்காமல், இன்னொரு போனில் டெசிபல் மீற்றர் அப் போட்டு, பிள்ளையின் தலை வரும் இடத்தில் ஒரு நிமிடம் வையுங்கள். போன் அளவு சில டெசிபல் பிழைக்கும். ஆகவே 50ஐத் தொடாமல் 45 அளவில் நிறுத்துங்கள். ஃபானையும் போட்டுத்தான் அளக்க வேண்டும். ஃபான் 45, மெஷின் 45 என்றால் இரண்டும் சேர்ந்து 90 ஆகாது, 48 தான் ஆகும். அப் இல்லாவிட்டால் தொட்டிலருகே இருந்து சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டி வந்தால் சத்தம் கூட.

மெஷினை ஜன்னல் பக்கமாக, வீதிச் சத்தம் நுழையும் இடத்துக்கும் பிள்ளைக்கும் இடையில் வைத்தால், குறைந்த சத்தமே போதும். வயர் பிள்ளையின் கைக்கு எட்டாமல் மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும்.

கேள்வி: மெஷின் போட்டும் ரயில் போகும்போது எழும்புகிறானே?

பதில்: பிள்ளையை எழுப்புவது சத்தத்தின் அளவைவிட அது திடீரென்று ஏறுவதுதான். ஒரே சீரான இரைச்சல் பின்னால் இருந்தால் அந்த ஏற்றம் சிறிதாகத் தெரியும். கதவு சாத்தும் சத்தம், குசினியில் சட்டி விழுவது, பாண் ஓட்டோவின் பாட்டு போன்றவற்றுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ரயிலின் உறுமல் தாழ்ந்த சுருதி ஒலி. ‘ஷ்ஷ்’ என்ற உயர்ந்த சுருதி ஒலி அதை மூடாது. மெஷினில் பிங்க் அல்லது பிரவுண் நொய்ஸ் இருந்தால் அதைப் போடுங்கள், அவற்றில் தாழ்ந்த சுருதி ஒலி அதிகம். போனின் சின்ன ஸ்பீக்கரில் அந்த ஒலி வரவே வராது. புளூடூத் ஸ்பீக்கர் ஓரளவு பரவாயில்லை.

சீன வெடிச் சத்தத்துக்கு மெஷின் தீர்வில்லை. அதை மூடும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினால் அந்தச் சத்தமே கெடுதல். தொட்டிலை வீதிச் சுவரிலிருந்து உட்சுவருக்கு மாற்றுங்கள், ஜன்னல் இடைவெளியை ரப்பர் பட்டியால் அடையுங்கள். தடித்த திரைச்சீலை வெளிச்சத்தை மறைக்கும், சத்தத்தை அதிகம் மறைக்காது. ஆனால் கொழும்பு வெக்கையில் காற்றோட்டத்தை மறித்து அறையைப் புழுங்க வைக்காதீர்கள். உடம்பு சூடேறுவது சிசுக்களுக்கு ஆபத்து.

கேள்வி: மெஷின் வாங்க வசதியில்லை. யூடியூப் போதுமா?

பதில்: யூடியூப் வேண்டாம். நடுவில் விளம்பரம் பாய்ந்து வரும். பதிவிறக்கிய ஃபைல் என்றால் சரி, போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். ஃபைல் முடிந்து திரும்பத் தொடங்கும் இடத்தில் ஒரு நொடி வெறுமை வந்தால் சில பிள்ளைகள் அதிலேயே கண் திறப்பார்கள். ஆகவே பல மணிநேரம் ஓடும் ஃபைலைத் தேடி எடுங்கள். சார்ஜில் இருக்கும் போனைப் படுக்கையில் வைக்காதீர்கள், ஏணைக் கயிற்றிலும் தொங்கவிடாதீர்கள். உண்மையில் பல வீடுகளில் ஏற்கனவே ஓடும் மேசை ஃபானே போதும். காற்றைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் பாருங்கள், செலவில்லை.

கேள்வி: இது உண்மையில் வேலை செய்யுமா, அல்லது நம்பிக்கையா?

பதில்: 1990 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், இந்த இரைச்சல் கேட்ட 20 சிசுக்களில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் நித்திரையானார்கள், கேட்காத 20 பேரில் 5 பேர்தான். சின்ன ஆய்வு, அதுவும் நித்திரைக்குப் போவதைத்தான் பார்த்தது. இரவு முழுக்க எழும்பாமல் இருப்பான் என்று யாரும் உறுதி தர முடியாது. பசித்தால் எழும்பத்தான் செய்வான், எழும்பவும் வேண்டும். வழக்கம்போல மல்லாத்திப் படுக்க வைப்பதும், கெட்டியான மெத்தையும், தலையணை இல்லாமையும் இதைவிட முக்கியம். குறைமாதப் பிள்ளை, அல்லது பிறந்தபோது செவிப் பரிசோதனையில் சந்தேகம் சொன்ன பிள்ளை என்றால் முதலில் குழந்தை வைத்தியரிடம் கேளுங்கள்.

கேள்வி: பத்து மாதமாகிறது, மெஷின் இல்லாமல் படுக்கமாட்டாள். அடுத்த மாதம் யாழ்ப்பாணம் போகிறோம்.

பதில்: இன்றே தொடங்குங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் அறை அமைதியாவதே அவளை எழுப்பும். மூன்று நான்கு இரவுக்கு ஒரு படி சத்தத்தைக் குறையுங்கள். ஒரு படியில் அழுகை கூடினால் அங்கேயே ஒரு வாரம் நில்லுங்கள். கடைசியில் ஃபான் சத்தம் மட்டும் மிஞ்சினால் போதும். அம்மம்மா வீட்டிலும் ஃபான் இருக்கும். மின்வெட்டில் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும் என்பதால் சார்ஜ் ஏற்றிய சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.